சாமுவேலின் பெயரில் கப்பலேறியவர்

நான் வேலை செய்த காலத்தில் ஒருவருடைய பாட்டனுக்குப் பாட்டனைத் தேட வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும். இப்போது அது கைத்தொலைபேசியிலேயே நடக்கிறது. போன மாதம் ஸ்ட்ரெதமில் ஒரு கல்யாண வீட்டில், வம்சாவளி தேடிக் கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை செய்யும் பெண் என் பக்கத்தில் சாப்பிட இருந்தாள். நானும் அந்தத் தொழில்தான் செய்தேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கம்பியூட்டர் இல்லாமல் எப்படி அன்ரி செய்தீர்கள் என்று கேட்டாள். பந்தியில் இருந்துகொண்டு என்னத்தைச் சொல்வது? இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து விடியற்காலை அரைத்தூக்கத்தில் பெயர்கள் வரத் தொடங்கிவிட்டன. தோமஸ், ஆக்னஸ், எலியாஸ், மெர்சி. ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக் கிராமங்களில் பிறந்தவர்கள். எனக்கு எந்த உறவும் இல்லாதவர்கள். என் சொந்தப் பெரியப்பா பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததைவிட அவர்களைப் பற்றி எனக்குக் கூடத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிப் பதிவுப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தேன். பழைய காணி உறுதிகளைப் பார்த்துப் பிரதி எடுப்பதும், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பில் இன்னாருடைய காணி என்று எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வதும் என் வேலை. எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்தோம். கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலைக்குப் போனார். பழைய கையெழுத்து வாசிக்கக்கூடியவர் தேவை என்று ஒரு சின்ன விளம்பரம் கவுன்சில் நூலகத்தின் பலகையில் இருந்தது. எந்த நாட்டுப் பழைய கையெழுத்து என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதனால் துணிந்து போனேன்.

ஹோபனில் ஒரு குடைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் நிறுவனம். முதலாளி மிஸ்டர் ஆஷ்கொம், உயரமான, கூன் விழுந்த, அறுபது வயதுக்காரர். ஒரு பழைய தேவாலயப் பதிவேட்டின் படப்பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது. விளங்கிய பாதியை எழுதி, விளங்காத இடங்களில் புள்ளி வைத்துக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, புள்ளி வைப்பவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் ஊகித்து நிரப்பிவிடுகிறார்களாம். பிறகு என் பெயரைக் கேட்டார். நடராஜா என்று என் கணவர் பெயரைச் சொன்னேன். ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, ஜன்னலைப் பார்த்தபடி தனக்குள் சில தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த நாளிலிருந்து கடைசிவரை அவர் என்னை மிஸஸ் நடராஜா என்றே அழைத்தார். லண்டனில் அந்தப் பெயரைச் சுருக்காத ஒரே வெள்ளைக்காரர் அவர்தான்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்கர்கள். பியூரிட்டன் என்று அழைக்கப்பட்டவர்களுடைய வழி வந்தவர்கள், அல்லது அப்படி நம்பியவர்கள். பியூரிட்டன்கள், ஆடம்பரமில்லாத வழிபாடு வேண்டுமென்று அரசருடைய பிஷப்மாரோடு முரண்பட்டு, குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி அமெரிக்காவில் போய்க் குடியேறிய ஆங்கிலேயர்கள். அமெரிக்கப் பக்கத்தில் பதிவுகள் நன்றாக இருக்கும். கப்பல் கரைக்கு வந்த நாளிலிருந்து பேரன் பூட்டன் வரை கண்டுபிடித்துவிடுவார்கள். கப்பலுக்கு முந்தியதுதான் தெரியாது. எந்த ஊர், யாருடைய பிள்ளை, ஏன் போனார். அந்தக் கடலின் இந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

மிஸ்டர் ஆஷ்கொமிடம் வேலை பழகியது ஒரு விதமான விரதம்போல இருந்தது. பேனா கூடாது, பென்சில் மட்டும். பதிவேட்டைத் திறக்குமுன் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார், அது காகிதத்தில் உரசிவிடுமாம். புத்தகத்தைத் தலையணைமேல் கிடத்தி, தாள் புரளாமலிருக்க, கன மணிகள் நிரப்பிய துணிக்கயிற்றைப் பக்கத்தின்மேல் மெல்ல இறக்குவார். தேடுகிற ஆளை முன்னோர் என்று சொல்ல விடமாட்டார். நிரூபிக்கும்வரை அவர் வெறும் 'அந்த மனிதர்' தான். ஞானஸ்நானப் பதிவில் சரியான பெயர், சரியான வயது, சரியான ஊர் கிடைத்து நாங்கள் சந்தோஷமாக நிமிர்ந்தால், அவர் ஒரே வசனம்தான் சொல்வார்.

“நல்லது. இனி அவரைக் கொல்லப் பாருங்கள்.”

அதாவது, அந்தக் குழந்தை வளர்ந்து கப்பலேறியது என்று எழுதுமுன், அது சின்ன வயதில் இறந்து அதே ஊரில் அடக்கமாகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடக்கப் பதிவு முழுவதையும் வருடம் வருடமாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் வருகிற பிழைகளில் முக்கால்வாசி அதைப் பார்க்காததால்தான். நியாயமான விதி. ஆனால் ஒரு நாள் ஊரிலிருந்து கெட்ட செய்தியொன்று வந்து, நான் முகம் வீங்கி வேலைக்குப் போயிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை ஒரு ஞானஸ்நானப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டியபோது, சற்று நின்று, “இனி இவர் எங்கே அடக்கமானார் என்று பாருங்கள்” என்றார். பழைய வசனத்தை அவர் என்னிடம் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை.

வேலை பெரும்பாலும் இருட்டறையில். மைக்ரோபிலிம் சுருளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், வெளிச்சத் திரையில் பக்கங்கள் மிதந்து போகும். பிறப்பு, கல்யாணம், அடக்கம், மறுபடி பிறப்பு. மனிதர்கள் ஆற்றில் போவதுபோலப் போவார்கள். வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்து இன்னொன்றாகத் தெரியும். வருடமும் ஜனவரியில் பிறக்கவில்லை, மார்ச் கடைசியில்தான் பிறந்தது. ஆகவே ஜனவரி, பெப்ரவரியில் நடந்ததெல்லாம் பழைய வருடத்துக் கணக்கில் கிடக்கும். கூட வேலை செய்தவர்களுக்கு இது பெரிய தலையிடி. சித்திரையில் வருடம் பிறக்கும் எனக்கு அது இயல்பாகவே இருந்தது. மாலையில் நோர்தேர்ண் லைன் சுரங்க ரயிலில் கண்ணை மூடினால் திரை ஓடிக்கொண்டே இருக்கும். கோலியர்ஸ் வுட்டில் இறங்கி மேலே வரும்போது தெருவில் போகிறவர்களைப் பார்த்து, இவர் எந்த வருடத்தவர் என்று ஒரு கணம் யோசித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டின் கீழறையில் ராசன் அண்ணை வாடகைக்கு இருந்தார். பேக்கரியில் வேலை. அதிகம் பேசாதவர். கடதாசிகளில் அவருடைய பெயர் சிவராசா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நான் என் வேலையைப் பற்றி, செத்தவர்களின் பெயர்களைத் தேடுவதைப் பற்றி, சும்மா கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, சிவராசா தன்னுடைய பெயரில்லை என்றார். சிவராசா அவருடைய சிநேகிதன், யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் அடுத்த வளவு வீட்டுக்காரன். லண்டனுக்குப் படிக்க வரப் பாஸ்போர்ட்டும் விசாவும் டிக்கட்டும் கைக்கு வந்த கிழமையில் ஷெல் விழுந்து இறந்துபோனவன். அவனுடைய பாஸ்போர்ட்டில் படத்தை மாற்றி இவர் வந்தார். இங்கே அகதி அந்தஸ்தும் அந்தப் பெயரிலேயே கிடைத்துவிட்டது. இனி மாற்றப் போனால் எல்லாம் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் இப்போது இல்லை. இதை எழுதுவதற்கு அவருடைய மகளிடம் கேட்டுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு இளவேனிலில் மிஸ் ரூத் கெல்லட் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாசசூசெட்ஸில் பள்ளிக்கூடச் சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உருவம். பேசும்போது விரல்கள் மேசையில் மெல்லத் தாளம் போட்டபடி இருக்கும். அவருடைய அண்ணன் வால்டர் வாழ்நாளில் பாதியைக் குடும்ப வரலாற்றுக்கே செலவழித்தவர். சாமுவேல் கெல்லட் என்ற இளைஞர், லண்டனிலிருந்து நியூ இங்கிலாந்துக்குப் போன கப்பலொன்றின் பயணிகள் பதிவில் இருக்கிறார். சஃபொக் மாவட்டத்துக் கிராமமொன்றின் பாதிரியாரிடம் நற்சான்று வாங்கி வந்தவர் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அரசருடைய சபைக்கு அடங்கி நடப்பவர் என்ற அந்த நற்சான்று இல்லாமல் அப்போது கப்பலேற விடமாட்டார்கள். வால்டர் இந்தச் சாமுவேலை மூத்தவராக வைத்துப் புத்தகமே எழுதி முடித்துவிட்டார். கிராமத்துத் தேவாலயத்தில் ஒரு நினைவுக் கல் வைப்பதற்கு அனுமதியும் வாங்கியாகிவிட்டது. கோடையில் பஸ் நிறைய உறவினர்கள் வரப்போகிறார்கள். வால்டருக்கு மட்டும் நுரையீரலில் புற்றுநோய், பறக்க முடியாது. கல்லில் எழுத்து வெட்டுமுன் ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட வேண்டும் என்று அவர்தான் தங்கையை அனுப்பியிருந்தார்.

“அண்ணன் அந்தக் கல்லைப் பார்க்கப் போவதில்லை. படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்” என்றார் ரூத்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலேறி சஃபொக் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். வழியெல்லாம் தட்டையான நிலம், மூடுபனி, அதற்குள் தேவாலயக் கோபுரங்கள் மட்டும் தலை தூக்கி நின்றன. ஞானஸ்நானப் பதிவு சுலபமாகக் கிடைத்தது. துணி நெய்கிற கெல்லட் என்பவரின் மகன் சாமுவேல். வயது கப்பல் பதிவோடு பொருந்தியது. அதன்பின் அடக்கப் பதிவைத் தொடங்கினேன். ஒவ்வொரு வருடமாக இறங்கி வந்தேன். சில வருடங்களில் தகப்பன் இறந்திருந்தார். பிள்ளை ஐந்து வயதில் சாகவில்லை, பத்தில் சாகவில்லை. வளர்ந்துவிட்டான் என்று எனக்கே ஒரு ஆறுதல் வரும்போது, ஒரு பக்கத்தின் அடியில் அவர் இருந்தார். சாமுவேல், விதவை கெல்லட்டின் மகன், கல்யாணமாகாதவர், அடக்கம் ஜனவரி.

எழுதியிருந்த வருடத்தைப் பார்த்தால், கப்பல் புறப்படுவதற்கு ஒன்றேகால் வருடத்துக்கு முன் என்று தோன்றும். ஆனால் அது பழைய கணக்கு. உண்மையில் மூன்று மாதம்தான். நற்சான்று வாங்கி, மூட்டை கட்டி, பனி விட்டதும் புறப்படக் காத்திருந்த பையன். ஜனவரியில் செத்துப்போனான். ஏப்ரலில் அதே பெயர் லண்டன் துறைமுகத்தில் கப்பலேறுகிறது.

நான் பென்சிலை வைத்துவிட்டேன். பக்கத்து மேசையில் யாரோ தாள் புரட்டும் சத்தம் தூரத்து அலைபோலக் கேட்டது. என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது சஃபொக் அல்ல. கரவெட்டியில் ஒரு வீடும், மேசையில் கிடக்கும் ஒரு பாஸ்போர்ட்டும்தான்.

லண்டன் திரும்பி மிஸ்டர் ஆஷ்கொமிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார். எப்போதும் நின்றுதான் வாசிப்பார். பதிவேட்டிலிருந்து பிஷப்புக்கு வருடா வருடம் அனுப்பிய பிரதியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன், அதிலும் அதே அடக்கம். சுற்றுக் கிராமங்களில் வேறு சாமுவேல் கெல்லட்? இல்லை. மரண சாசனங்களில்? அங்கும் இல்லை. அப்போது நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். செத்தவனுடைய நற்சான்றை வைத்துக்கொண்டு இன்னொருவன் போயிருக்கிறான். கப்பலேற முடியாத ஒருவன், பாதிரியார் நற்சான்று தரமாட்டார் என்று தெரிந்த ஒருவன்.

அவர் மறுக்கவில்லை. ஜன்னலோரம் போய் நின்றார். வேறு ஊரிலிருந்து வந்து அங்கே கூலிக்கு நெய்த இன்னொரு சாமுவேல் இருந்திருக்கலாம் என்றார். துறைமுக எழுத்தர் ஊரை மாற்றி எழுதியிருக்கலாம். அவர் சொன்னதும் சரிதான். என்னிடம் நிரூபணம் இல்லை.

“நிரூபிக்க முடிந்ததை எழுதுங்கள், மிஸஸ் நடராஜா. மற்றதை வாயால் சொல்லுங்கள். வாயால் சொல்வதை யாரும் கோப்பில் போடுவதில்லை.”

ரூத்திடம் அவரே சொன்னார், மிக மெதுவாக, ஒவ்வொரு ஆதாரமாக எடுத்து வைத்து. ரூத்தின் விரல்கள் தாளம் போடுவதை நிறுத்திவிட்டன. தண்ணீர் கேட்டார். அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நான் கூடப் போனேன். பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு மர வாங்கில் இருந்தோம். பிளேன் மரங்கள் புதிதாகத் துளிர்த்திருந்தன. அண்ணன் இன்னும் எத்தனை மாதம் இருப்பார் என்று தெரியாது என்றார். இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கு நட்டம் என்று தன்னையே கேட்பதுபோல் கேட்டார். அப்போதுதான் நான் வாயால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்படியென்றால் நாங்கள் ஒரு திருடனுடைய பிள்ளைகளா?”

திருடன் அல்ல என்றேன்.

“செத்தவனுடைய பெயரை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு வேறு என்ன பெயர்?”

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது இன்னொருவருடைய உயிர் சம்பந்தப்பட்டது, என்னுடையது அல்ல. அவர் எழும்பி ஹோட்டலுக்கு நடந்து போனார். அந்தச் சொல் என்னோடு ரயிலில் வந்தது. வீட்டுப் படியில் ஏறும்போது கீழறையில் வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போகிறேன். கதவுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அந்தச் சொல்லால் நினைத்துப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

ராசன் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவை ஒரு தரம் சந்திப்பீர்களா என்று கேட்டேன். இல்லை என்றுதான் முதலில் சொன்னார். அமெரிக்கக்காரி ஒருவரிடம் வாய் தவறினாலும் அகதி விண்ணப்பங்களைப் பார்க்கிற ஹோம் ஒபிஸ் வரைக்கும் போகலாம். நான் வற்புறுத்தவில்லை. என் கணவரும் இந்தக் கதையை விட்டுவிடு என்றார். இரண்டு மூன்று நாள் கழித்து, வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றவர் வாசலில் என்னை மறித்தார்.

“அவவுக்குத் தமையன் சாகக் கிடக்கிறாரெண்டு சொன்னீர், என்ன? அப்ப கூட்டிக்கொண்டு வாரும்.”

அடுத்த ஞாயிறு ரூத் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். ஏன் கூப்பிடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. வந்ததே பெரிய காரியம். இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் வைத்தேன். ராசன் அண்ணை வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நன்றாக இழுத்து வாரி, மேசையில் எதிரே இருந்தார். சாப்பிட்டு முடிந்த பிறகு அவர் தமிழில் சொல்லத் தொடங்கினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஜன்னலால் மங்கலான வெயில் வந்து மேசை விரிப்பில் கிடந்தது. ஒருவர் சொல்லி நிறுத்த மற்றவர் தொடர்ந்தபோது, என் குரல் என்னுடையதில்லைபோல எனக்கே தோன்றியது. கேட்டுக்கொண்டிருந்த ரூத்தின் முகத்தில், எந்தக் காலத்துக் கதையைக் கேட்கிறோம் என்ற மயக்கம் இருந்தது.

அவர் முடித்ததும் ரூத் கேட்டார், அந்தப் பெயரோடு இருப்பது எப்படி இருக்கிறது என்று.

“முதல் ரெண்டு வருசம் ஆரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கிறதில்லை. இப்ப என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கிறதில்லை.”

பிறகு ரூத், அந்தப் பாஸ்போர்ட்டை எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். 'எடுத்தீர்கள்' என்ற சொல்லை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். ராசன் அண்ணைக்கு அது உறைத்தது.

“நான் எடுக்கேல்லை. அவன்ர அம்மாதான் தந்தவ. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிஞ்ச பிறகு என்னைக் கூப்பிட்டு, அதை என்ர கைக்குள்ள வச்சுப் பொத்தினவ. என்ர பிள்ளையின்ர பேர் எங்கையாவது உயிரோட இருக்கட்டும் எண்டு சொன்னவ.”

இதை எனக்கும் அவர் முன்பு சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். சிவராசாவின் அம்மா அன்னப்பிள்ளைக்கு மாதம் ஒரு கடிதம் கொழும்பு வழியாக எழுதுவதாகவும், அவ தன்னை மகன் என்று எழுதுவதாகவும் அவர் சொன்னார். ரூத் மேசையைச் சுற்றி வந்து அவருடைய கையைப் பிடித்தார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த விதவைக்கு, சாமுவேலின் தாய்க்கு, என்ன பெயர்?

தெரியாது என்றேன். அந்தக் காலத்துப் பாதிரிமார் பெரும்பாலும் தகப்பனுடைய பெயரைத்தான் எழுதுவார்கள். அவருடைய கல்யாணப் பதிவும் அந்த ஊரில் இல்லை. எல்லாப் பதிவிலும் அவர் கெல்லட்டின் மனைவி, பிறகு விதவை கெல்லட். அவ்வளவுதான்.

வால்டரிடம் ரூத் மறைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய், அவருடைய கட்டிலருகில் இருந்து சொன்னாராம். வால்டருக்குக் கோபம். எங்களுக்கு வேலை தெரியாது என்றார். லண்டனில் வேறொருவரைப் பிடித்து மறுபடி தேடச் சொன்னார். அவர்களும் அதே அடக்கத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். கோடைப் பயணம் நின்றுபோனது. அச்சுக்குப் போக இருந்த புத்தகமும் நின்றது. உறவினர்களில் சிலர் ரூத்தோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், சாகப்போகிற மனிதருடைய மனதை உடைத்துவிட்டாய் என்று. அந்த மாதங்களில் ரூத்தின் நினைவு வரும்போதெல்லாம், நான் சொன்னது சரியா என்று நானும் என்னைக் கேட்டதுண்டு. இலையுதிர் காலத்தில் வால்டர் இறந்தார். இறப்பதற்குச் சில நாள் முந்தி, கல்லில் என்ன எழுதுவது என்பதை ரூத் தீர்மானிக்கட்டும் என்று சொல்லியிருந்தார். சாமுவேலைப் பற்றி அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்தக் குளிர் காலத்தில் கரவெட்டியிலிருந்தும் செய்தி வந்தது. அன்னப்பிள்ளை காலமாகிவிட்டார். கடிதம் கொழும்பு சுற்றி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ராசன் அண்ணை ஒரு நாள் மட்டும் பேக்கரிக்குப் போகவில்லை. சவரக் கத்தியை எடுத்துத் தானே தலையை மழித்துக்கொண்டார். பேக்கரியில் ஏனென்று கேட்டதற்கு, அம்மா செத்துவிட்டா என்று சொன்னாராம்.

அடுத்த மே மாதம் கல் வைத்தார்கள். பஸ் நிறைய ஆட்கள் வரவில்லை, ஒரு வானுக்குள் அடங்கினார்கள். ரூத் எங்களையும் அழைத்திருந்தார். மிஸ்டர் ஆஷ்கொம் வாடிக்கையாளர்களுடைய விழாக்களுக்குப் போகிற வழக்கமில்லை. அன்று வந்தார். ராசன் அண்ணை கடனாக வாங்கிய நீலக் கோட்டோடு வந்தார். தலைமயிர் திரும்ப வளர்ந்திருந்தது. தேவாலயத்தைச் சுற்றிப் புல் முழங்காலளவு நின்றது. பனிமூட்டம் விலகாத காலை. கல் சின்னதுதான், உள்சுவரில் பதித்திருந்தார்கள். அதில் இப்படி எழுதியிருந்தது:

சாமுவேல் கெல்லட், ஒரு விதவையின் மகன், இங்கே அடக்கமானார். அவருடைய பெயரில் கடல் கடந்தவரின் பிள்ளைகள் வைத்த கல்.

மிஸ்டர் ஆஷ்கொம் அதற்கு முன்னால் நின்று, வழக்கம்போல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது வசனத்துக்கு ஆதாரம் இல்லையே என்று எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார். நான் ஓமென்று தலையாட்டினேன். அவர் இன்னொரு தரம் வாசித்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார்.

ரூத் பேச்சொன்றும் பேசவில்லை. அந்தக் காலத்துப் பியூரிட்டன்கள் வாத்தியம் இல்லாமல்தான் பாடுவார்களாம். ஒருவர் ஒரு வரியைப் பாடுவார், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டை அவர் அப்படி மெல்லிய குரலில் எடுத்தார். முதல் வரிக்கு உறவினர்கள் தயங்கித் தயங்கித்தான் குரல் கொடுத்தார்கள். இரண்டாவது வரியில், எனக்குப் பின்னால் ஒரு கனத்த குரல் சேர்ந்துகொண்டது. ராசன் அண்ணைக்கு அந்தச் சொற்கள் விளங்கியிருக்காது. எங்கள் கோயிலில் முன்னுக்குப் பாடுகிறவரைப் பின்தொடர்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டு, ஒலியை மட்டும் பிடித்துப் பாடினார். பாட்டு முடிந்த பிறகும் அந்தக் கல் சுவர்களுக்குள் அது கொஞ்ச நேரம் நின்றது.

வெளியே வரும்போது வாசலில் ஒரு பழைய மேசையில் வருகையாளர் புத்தகம் விரித்திருந்தது. பாதிரியார், மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான கிழவர், எல்லாரையும் பெயர் எழுதச் சொன்னார். அமெரிக்கர்கள் ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் எழுதினார்கள். நான் எழுதினேன். மிஸ்டர் ஆஷ்கொம் எழுதினார். பிறகு ராசன் அண்ணை பேனாவை எடுத்தார்.

எடுத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். இரண்டு பெயர்களில் எதை எழுதுவது என்று அவர் யோசிப்பதாக நான் நினைத்தேன். அவர் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் எழுதினார். தோளுக்கு மேலால் பார்த்தேன்.

அன்னப்பிள்ளை, கரவெட்டி.

பாதிரியார் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த எழுத்தை வியப்போடு பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். ஒரு பெண்ணின் பெயர் என்றேன். அவர் புன்னகைத்து, வெளியே புல்லில் நின்றவர்களைக் கண்களால் தேடினார். அந்த அம்மாவும் இன்று வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

ராசன் அண்ணையிடம் தமிழில் கேட்டேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“ஓம் எண்டு சொல்லும், தங்கச்சி.”